எண்ணெய் குடித்த சீட்

பட்டு வேட்டியா, சாதா வேட்டியா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்து, கடைசியில் சாதா வேட்டிதான் கட்டினேன். நல்லதாகப் போயிற்று. 2019 தை மாதம், வாணியம்பாடி பக்கம் ஒரு கல்யாணம். விடிகாலையில் சென்னையிலிருந்து கிளம்பி நாலு மணி நேரம் ஓட்டிப் போய் மண்டப வாசலில் இறங்கினேன். "கொஞ்சம் நில்லுங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து. அந்தக் குரலே சரியில்லை. வேட்டியின் பின்பக்கம், உட்கார்ந்த அச்சு அப்படியே, பழுப்பு நிறத்தில் இரண்டு பெரிய வட்டம். சட்டை முதுகிலும் அதே நிறம். போதாததற்குத் தேங்காய் எண்ணெய் வாசனை வேறு.

அந்த எண்ணெயை சீட்டில் தடவியது வேறு யாருமில்லை. பத்து நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நானேதான் தடவினேன்.

வண்டி 2013 மாடல் செடான். 2018-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இன்ஜினைப் பார்த்து வாங்கினேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் மயங்கியது சந்தன நிற லெதர் சீட்டில்தான். சென்னை வெயிலுக்கும் வியர்வைக்கும் சந்தன நிறம் தாங்குமா என்று யோசிக்கிற ஆளாக இருந்தால் கறுப்பு துணி சீட் வைத்த வண்டியை வாங்கியிருப்பேன். டிரைவர் சீட்டின் வலது விளிம்பு, ஏறி இறங்கும்போது தொடை உரசுகிற இடம், மெல்லிய கோடு கோடாக வெடித்திருந்தது. உட்காரும் இடத்தில் ஜீன்ஸ் சாயம் இறங்கி ஒரு நீலச் சாயல். மற்றபடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வெடிப்பைப் பார்த்த அப்பா சொன்னார்: "தோல் சாமானுக்கு எண்ணெய் காட்டாம வெச்சா இப்படித்தான்டா ஆவும்." அவர் சின்ன வயதில் தாத்தாவின் கிணற்றில் கவலை ஏற்றம் ஓடியது. மாடு கட்டி இறைக்கிற அந்தத் தோல் சாலுக்கு எண்ணெய் விடாவிட்டால் விறைத்துப் போகுமாம். செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்தால் காலையில் காலைக் கடிக்காது. இதெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது, கையால் செய்தது. வீட்டில் விளக்கெண்ணெய் இல்லை. தேங்காய் எண்ணெய் இருந்தது. அரை பாட்டில் காலி செய்தேன்.

முதல் நாள் பார்க்க வேண்டுமே! வெடிப்பு மறைந்துவிட்டது. நிறம் அடர்த்தியாகி, ஷோரூமில் நிற்கிற வண்டி மாதிரி ஒரு பளபளப்பு. அப்பா இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் கையை வைத்தால் ஒட்டியது. ஜன்னலைத் திறந்து ஓட்டினால் தூசியெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் சீட் நடுவில் இருக்கிற சின்னச் சின்னக் காற்றுப் பொத்தல்களிலிருந்து எண்ணெய் பனித்துளி போல எட்டிப் பார்க்கும். துடைத்துவிட்டு ஏறுவேன். கல்யாணத்தன்று இருட்டில் கிளம்பியதால் துடைக்க மறந்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் சித்தப்பா ஒருவர் வந்திருந்தார். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிலும் ஃபினிஷிங் பிரிவு, அதாவது தோலுக்குக் கடைசியாக நிறமும் மேற்பூச்சும் ஏற்றுகிற இடம். என் வேட்டியைப் பார்த்தார், கிட்ட வந்து மோந்து பார்த்தார்.

"என்னத்தடா தடவுன?"

"தேங்கா எண்ணெய் சித்தப்பா."

"சீட்டுக்கா? தோசைக் கல்லுன்னு நெனச்சிட்டியா?"

பந்தி முடிந்ததும் வண்டியைக் காட்டச் சொன்னார். முன் சீட்டை ஒரு தடவை கட்டை விரலால் அழுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பின் சீட்டில் நான் எண்ணெய் காட்டாத ஒரு மூலை இருந்தது. அங்கே தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டார். சேம்பு இலையில் விட்ட மாதிரி உருண்டு நின்றது. ஒரு நிமிஷம் பார்த்தோம், அப்படியே நின்றது.

"பாத்தியா, தண்ணி உள்ள போவல. எண்ணெய் மட்டும் எப்படிப் போவும்? வெடிச்ச எடம், தையல் ஓட்டை, இந்தப் பொத்தல், இது வழியாதான் போயிருக்கும். போனது எங்க போவும்? திரும்பி வருது. நீ தொட்டுப் பாக்குறது தோல் இல்லடா, தோலுக்கு மேல இருக்கிற பெயிண்ட்டு."

பிறகு மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பச்சைத் தோல் டேனரிக்கு வந்ததும் முடி நீக்கி, சுண்ணாம்பு போக்கி, பெரிய மர டிரம்களில் போட்டுச் சுற்றிப் பதனிடுவார்கள். ஒரு காலத்தில் நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் அதற்கு. இன்று உலகத்தில் பெரும்பாலான தோல் குரோம் உப்பில் பதனிடப்படுகிறது. கார் சீட் தோலில் குரோம் சேர்க்காத வேறு முறைகளும் நிறைய உண்டு. எந்த முறையாக இருந்தாலும் அதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரில் கரைகிற மாதிரி செய்த எண்ணெயை அதே டிரம்மில் விட்டு, மணிக்கணக்கில் சுற்றி, தோலின் நார் நாராக ஏற்றுவார்கள். ஃபேட் லிக்கர் என்று பெயர். தோல் மெத்தென்று வளைவதற்குக் காரணம் அதுதான். எண்ணெய் காட்ட வேண்டிய நேரம் அப்போதே முடிந்துவிடுகிறது. உலர்ந்த பிறகு மேலே நிறப்பூச்சு, அதற்கும் மேலே தெளிவான பாலியூரித்தேன் பூச்சு. தோல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அந்தப் பூச்சு ஒரு தலைமுடி கனம்தான். கறை பிடிப்பது, வெடிப்பது, உரிவது எல்லாமே முதலில் அந்த முடி கனத்தில்தான் நடக்கிறது.

அப்படியென்றால் அப்பா சொன்னது தப்பா? தப்பில்லை. அவர் பார்த்த தோல் வேறு. பட்டை போட்டுப் பதனிட்ட தோலால் செய்த சாலுக்கும் செருப்புக்கும் மேலே பூச்சு கிடையாது; எண்ணெய் விட்டால் குடிக்கும், குடித்தால் நல்லது. அதே யோசனையை மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம் போட்ட தோலுக்குக் கொண்டுவந்ததுதான் பிசகு. இத்தனைக்கும் நான் குடியிருப்பது குரோம்பேட்டையில். குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் ஊருக்கே அந்தப் பெயர். தினமும் முகவரியில் எழுதுகிற வார்த்தைக்கு அர்த்தம் தெரிய நான் வாணியம்பாடி வரைக்கும், அதுவும் பாழான வேட்டியோடு, போக வேண்டியிருந்தது.

கிளம்பும்போது சித்தப்பா சொன்னது இரண்டே விஷயம். "அழுக்கெடு, அது போதும். அப்புறம், பளபளன்னு தெரிஞ்சா சந்தோஷப்படாத, அது அழுக்கு." எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து, யாருமே கை வைக்காத இடமான பின் சீட் ஹெட்ரெஸ்ட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மங்கலாக, பளபளப்பே இல்லாமல், சாம்பல் பூசணி மேல் பூத்த மாவு மாதிரி மென்மையாக இருந்தது. அதுதான் அந்தத் தோலின் அசல் முகம். டிரைவர் சீட்டில் ஐந்து வருஷமாக மின்னிக்கொண்டிருந்தது முதல் ஓனரின் வியர்வையும் தலை எண்ணெயும்.

சுத்தம் செய்ய இறங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் தெரிந்தது. 'லெதர் சீட்' என்று விற்கிற வண்டியில் எல்லாமே லெதர் இல்லை. என் வண்டியில் உடம்பு படுகிற இடம் மட்டும்தான் தோல். சீட்டின் பக்கவாட்டு, முன் சீட்டின் முதுகுப்புறம், கதவுத் திண்டு எல்லாம் நல்ல தரமான ரெக்ஸின். பல வண்டிகளில் முழுக்கவே ரெக்ஸின்தான். லெதரெட் என்று அழகாகப் பெயர் வைத்திருப்பார்கள். கண்டுபிடிக்க ரொம்பச் சிரமமில்லை. சீட்டுக்கு அடியில், மடித்துக் குத்திய விளிம்பு எங்காவது தெரிந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். துணி மாதிரி நெய்த நூல் தெரிந்தால் ரெக்ஸின், பஞ்சு பிரிந்த மாதிரி நார் தெரிந்தால் தோல். மேல்பக்கம் புள்ளிகள் ஒரே சீராக அச்சடித்த மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அசல் தோலிலும் அச்சு அழுத்துவது உண்டு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. தீக்குச்சி வைத்துப் பார்க்கிற வீரர்களும் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் வேண்டாம். ரெக்ஸினுக்கு கண்டிஷனர் வாங்குவது, பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஈரத்துணி போதும்.

அடுத்தது எதை வைத்துத் துடைப்பது. கையில் இருந்தது பாத்திரம் தேய்க்கிற லிக்விட். எண்ணெய்ப் பிசுக்குக்கு அதுதானே ராஜா என்று நினைத்து சித்தப்பாவுக்கு போன் போட்டேன். வேண்டாம் என்றார், அதோடு நிறுத்திக்கொண்டேன். தோல் இயல்பாகவே புளிப்புப் பக்கம் இருக்கிற பொருள், பி.எச். என்கிற அமில-கார அளவில் சுமார் 4. நாம் குளிக்கிற, துவைக்கிற கட்டி சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். ஒரு நாள் துடைத்தால் ஒன்றும் தெரியாது. மாசா மாசம் துடைத்தால் மேற்பூச்சும் கெடும், வெடிப்பு வழியாக இறங்கி உள்ளே நாரோடு பிடித்துக்கொண்டிருக்கிற சாயத்தையும் எண்ணெயையும் கழற்றிவிடும். அதனால் தோலுக்கென்றே விற்கிற கிளீனர் வாங்கினேன். பாட்டிலில் 'பி.எச். நியூட்ரல்' என்றோ தோலுக்கு ஏற்றது என்றோ போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். விலை கூடியதுதான் நல்லது என்றில்லை.

மூன்று சனிக்கிழமை பிடித்தது. முதல் நாள் கிளீனரைத் தொடவேயில்லை. வெறும் வெள்ளைத் துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்தேன். அழுத்தித் தேய்த்தால் பொத்தலுக்குள் இன்னும் இறங்கும், ஒற்றினால் மேலே வரும். எந்த வெயில் எண்ணெயை வெளியே தள்ளியதோ அதையே கூட்டாளியாக்கிக்கொண்டேன். மத்தியானம் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்து வெயிலில் நிறுத்துவேன், சாயங்காலம் வேர்த்த எண்ணெயை ஒற்றுவேன். ஒரு வாரம் இதே வேலை. பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், வண்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை நிழலில் நிறுத்தி, முதலில் வேக்யூம். இதைத் தவிர்த்துவிட்டு நேராகத் துடைக்க ஆரம்பித்தால் மணலை வைத்துத் தேய்க்கிற கதைதான். சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவிலிருந்து இரண்டு ரூபாய்க் காசு, முறுக்குத் துண்டு, காய்ந்த மல்லி, நாங்கள் பார்த்தேயிராத ஒரு ஹேர்பின் எல்லாம் வந்தன. அப்புறம் கிளீனர். சீட்டில் நேராக அடிக்கக் கூடாது, பிரஷ்ஷில் அடிக்க வேண்டும். பிரஷ் என்றால் துணி துவைக்கிற நைலான் பிரஷ் இல்லை. ஷூவுக்குப் பயன்படுத்துகிற குதிரை முடி பிரஷ், புதிது. நுரை வரும் அளவுக்கு மெதுவாகச் சுற்றினால் போதும், கை வலிக்கத் தேய்த்தால் தப்பாகத் தேய்க்கிறீர்கள். ஒரு தலையணை உறை அளவு இடம், நுரை காய்வதற்குள் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு அடுத்த இடம். துணி வெள்ளையாக இருந்தால் நல்லது, எவ்வளவு வந்தது என்று தெரியும். முதல் துணி இரண்டாம் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. எட்டாவது துணி வெறும் ஈரமாக வந்ததும் நிறுத்தினேன்.

நடுவில் ஒரு கூத்து. முன்பக்கம் இடது சீட்டில் கொஞ்சம் தாராளமாக ஈரம் இறங்கிவிட்டது. அந்த சீட்டுக்கு அடியில், ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கிற சென்சார் இருக்கும். இரண்டு நாள், யாருமே இல்லாத சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்திக்கொண்டே வந்தது. என் அம்மா அந்த இரண்டு நாளும் வண்டியில் ஏற மறுத்துவிட்டார். காய்ந்ததும் தானாக நின்றுவிட்டது. அதிலிருந்து பொத்தல் போட்ட சீட்டுக்குத் துணியை நன்றாகப் பிழிந்த பிறகுதான் கொண்டுபோகிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை முடிவில் சீட் மங்கலாக, உலர்ந்து, தொட்டால் வழுக்காமல் இருந்தது. வெடிப்பு முழுக்கத் திரும்ப வந்துவிட்டது. எண்ணெய் அதை மறைத்துத்தான் வைத்திருந்தது, சரி செய்யவில்லை.

எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டேன் என்ற தெம்பில் அடுத்த தப்பைச் செய்தேன். ஜீன்ஸ் நீலம் மட்டும் கிளீனருக்கு அசையவில்லை. சுவர்க் கறைக்கு விற்பார்களே, மந்திரம் போல எல்லாம் போய்விடும் என்று ஒரு வெள்ளை ஸ்பாஞ்ச், அதை வாங்கித் தேய்த்தேன். நீலம் போனது. கூடவே சந்தனமும் போனது. அந்த ஸ்பாஞ்ச் மென்மையாகத் தெரிந்தாலும் வேலை செய்வது உப்புத்தாள் மாதிரி. கறையைக் கரைப்பதில்லை, சுரண்டுகிறது. பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வெளுப்பு. ஹெட்ரெஸ்ட்டின் அடியில் ஒரு தடவை தேய்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். புதிதாக எதை வாங்கினாலும் அங்கே முதலில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அன்றைக்கு வந்தது. ஜீன்ஸ் சாயம் பூச்சுக்குள் ஊறி வருஷக்கணக்கானால் எடுக்க முடியாது என்பதுதான் உண்மை. வந்த வாரத்திலேயே துடைத்தால் போகும்.

2020-இல் இரண்டாவது வெளுப்பு. இதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை, காலமும் பொறுப்பு. ஊரெல்லாம் கையில் சானிடைசர். கடைக்குப் போய் வந்து ஏறியதும் கையில் பிழிந்து தேய்ப்போம், சொட்டுகள் சீட்டில் விழும். ஆல்கஹால் அந்த மேற்பூச்சை இளக்கிக் கெடுக்கும். ஈரக் கையை சீட்டில் ஊன்றி நகர்ந்து உட்காருவதும் சேர்ந்து, வலது விளிம்பில் நிறம் திட்டுத் திட்டாகக் கிளம்பியது. வண்டிக்குள் கிருமிநாசினி தெளித்துத் துடைத்தவர்கள் பலருக்கும் ஸ்டியரிங் பிசுபிசுத்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்த நாளில் யாரும் சீட்டைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் இல்லை, அது வேறு விஷயம். பிறகு நிறம் கலந்து தருகிற ஒரு ஆளைப் பிடித்து, தோலுக்கான சாயம் வாங்கி, ஸ்பாஞ்ச்சால் ஒற்றி ஒற்றி நாலு பூச்சு போட்டேன். இரண்டு அடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டப் போனால் சந்தனத்துக்கும் பாதாமுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

இப்போது கண்டிஷனர். இதைப் பற்றி எனக்குள் ஒரு முழு வட்டமே சுற்றி முடிந்தது. முதலில், அது தோலுக்குச் சாப்பாடு என்று நம்பினேன். சித்தப்பா பேச்சைக் கேட்ட பிறகு, அது சுத்த ஏமாற்று என்று முடிவு கட்டினேன். இப்போது நிற்பது நடுவில். பூச்சு முழுசாக இருக்கிற இடத்தில் கண்டிஷனர் பெரிதாக உள்ளே போவதில்லை. ஆனால் வெடித்த விளிம்பு, தையல் ஓரம், தேய்ந்த ஸ்டியரிங் ஆகிய இடங்களில் கொஞ்சம் இறங்கும், அங்கே அது தேவையும்கூட. மற்ற இடங்களில் மேலே மெல்லிய படலமாக நின்று, ஜீன்ஸ் உரசலையும் சாயத்தையும் முதலில் தான் வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை துடைக்கும்போது அழுக்கு சீக்கிரம் வந்துவிடும். இவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்கலாம். வெடிப்பை மூடாது.

வருஷத்துக்கு இரண்டு முறை போடுகிறேன், கோடைக்கு முன்னால் ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று. சுத்தம் செய்து, இரண்டு மணி நேரமாவது உலர்ந்த பிறகுதான். அழுக்கு மேல் போட்டால் அழுக்கை ஒட்டவைக்கிற வேலைதான் நடக்கும். ஒரு சீட்டுக்கு ஒரு டீஸ்பூன் தாராளம். அதையும் பஞ்சில் எடுத்து, கைக்கு கிரீம் தடவுகிற மாதிரி இருக்கிற இடம் தெரியாமல் பரப்பி, பதினைந்து இருபது நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். துடைத்த பிறகு கைக்கு வழவழப்பு தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். பொத்தல் இருக்கிற நடுப்பகுதியில் துணியில் எடுத்து லேசாகத் தடவுவதோடு சரி. பொத்தலுக்குள் கிரீம் அடைத்துக்கொண்டால் வெள்ளை எள் தூவின மாதிரி ஆகிவிடும், ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். அதையும் ஒரு தடவை பல் குத்தும் குச்சியோடு உட்கார்ந்து செய்திருக்கிறேன். காற்று வருகிற வென்டிலேட்டட் சீட் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கண்டிஷனரை விட ஆபத்து, வாட்டர் வாஷ் கடைகளில் கேட்காமலே அடித்துவிடுகிற பாலிஷ். டேஷ்போர்டுக்கு அடிக்கிற அதே சிலிகான் சமாச்சாரத்தை சீட்டுக்கும் அடித்துவிட்டு, "சூப்பரா ஆக்கிட்டோம் சார்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் அப்படி அடித்த அன்று, சிக்னலில் பிரேக் போட்டதும் பின் சீட்டில் இருந்த என் பையன் வழுக்கிக் கீழே போனான். பெல்ட் போடாதது எங்கள் தப்பு. ஆனால் சீட் வழுக்கியது பாலிஷின் தப்பு. இப்போது சாவி கொடுக்கும்போதே "வெளிய மட்டும்" என்று சொல்லிவிடுகிறேன்.

சீட் கவர் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற வண்டியா என்று முதலில் பாருங்கள். அங்கே ஒரு சின்ன லேபிள் தைத்திருக்கும். கண்ட கவரை இழுத்து மாட்டினால், வேண்டிய நேரத்தில் அந்தப் பை பிரிய வழி இருக்காது.

எங்கள் வீட்டில் நிஜமான பிரச்சினை ஹெட்ரெஸ்ட். அம்மா தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்ப மாட்டார். மேலே மல்லிகைப் பூ. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு எண்ணெய் வட்டம், நடுவில் நசுங்கின பூவின் பழுப்பு. "எண்ணெய் வெக்காதம்மா" என்று சொல்ல முடியுமா? கவர்ன்மென்ட் ஆபீசில் பெரிய அதிகாரி நாற்காலியில் வெள்ளை டர்க்கி டவல் போட்டிருப்பார்களே, அதே டவலை வாங்கி மாட்டினேன். அம்மாவுக்கு கலெக்டர் சீட் என்று பெயர். வெள்ளை என்பது முக்கியம். ஒரு தடவை அவசரத்துக்குச் சிவப்புத் துண்டைப் போட்டுவைத்து, மழை ஈரத்தில் அதன் சாயம் இறங்கியதைத் துடைக்க அரை நாள் ஆனது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்த சமயம் வண்டிக்குள் தண்ணீர் ஏறவில்லை. தப்பித்தோம் என்று பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டோம். பன்னிரண்டு நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால், ஈரக் கோணிப்பை வாசனை. சீட்டில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. எல்லா இடத்திலும் சமமாக இல்லை. ரெக்ஸின் பக்கங்களில் கொஞ்சம், பின் சீட்டில் அங்கங்கே, டிரைவர் சீட்டின் தையல் வரிசையிலும் பொத்தல்களைச் சுற்றியும் மட்டும் கோலம் போட்ட மாதிரி வரிசையாக. கிட்டத்தட்ட ஐந்து வருஷத்துக்கு முன்னால் எண்ணெய் இறங்கிய அதே வழி. நான் எடுத்தது போக மிச்சமிருந்ததை அது தேடிப் பிடித்துத் தின்றிருக்கிறது.

பூஞ்சையை வண்டிக்குள்ளேயே உலர்ந்த துணியால் தட்டினால் விதை எல்லா இடத்துக்கும் பரவும். நாலு கதவையும் திறந்துவைத்து, முகக் கவசம் போட்டுக்கொண்டு, லேசாக ஈரமான துணியால் ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்து, ஒரு முறை பயன்படுத்திய துணியைத் திரும்பத் தொடாமல் தூக்கிப் போட்டேன். பிறகு கிளீனர். பிறகு இரண்டு நாள் நிழல் காற்று. நேர் வெயிலில் நனைந்த தோலை வைத்தால் விறைக்கும், அதனால் அவசரப்படவில்லை. கால் மிதியை எல்லாம் வெளியே எடுத்துக் காயவைத்தேன். வாசனையில் பாதி அங்கேதான் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில், யாரையாவது விட்டு வாரம் ஒரு முறை ஏ.சி. போட்டு இருபது நிமிஷம் ஓட்டச் சொல்லியிருந்தால் இவ்வளவு வேலை இருந்திருக்காது. ஏ.சி. காற்றை உலர்த்தும் என்பது அப்போது தோன்றவில்லை.

இப்போதைய வழக்கம் ரொம்பச் சோம்பேறித்தனமானது. வாரம் ஒரு தடவை, பிழிந்த ஈரத்துணியால் டிரைவர் சீட்டையும் ஸ்டியரிங்கையும் மட்டும் துடைக்கிறேன், இரண்டு நிமிஷ வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளீனரும் பிரஷ்ஷும். வெயிலில் நிறுத்தினால் முன் கண்ணாடிக்கு மறைப்பு. ஏதாவது கொட்டினால் அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டி ஒற்றி எடுப்பது. போன மாதம் திண்டிவனம் தாண்டி பையன் ரோஸ் மில்க்கைக் கொட்டினான். டர்க்கி டவலை உருவி ஒற்றிவிட்டு, தண்ணீர் தொட்டு இன்னொரு முறை துடைத்ததும் தடம் இல்லை. டவல்தான் ரோஸாகிவிட்டது. கலெக்டருக்குக் கோபம்.

மிச்சமிருந்த எண்ணெய் ஆசையை அப்பா தன் தோல் செருப்பில் தீர்த்துக்கொள்கிறார். விளக்கெண்ணெய், அவர் முறைப்படி, ஒரு ராத்திரி. செருப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வண்டியில் ஏறும்போது மட்டும் கால் மிதியில் ஒரு பழைய பேப்பரை விரித்துவிடுகிறேன்.

சென்ற வாரம் வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். புதிதாக வந்த பையன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"சார், சீட் ரொம்ப டல்லா இருக்கே. பாலிஷ் ஒண்ணு அடிச்சுடட்டுமா? சும்மா மின்னும்."

"வேண்டாம்பா, வெளிய மட்டும்" என்றேன்.